அக்காவின் ஈரக் கை

இப்போதெல்லாம் பொதுக் கழிவறைகளில் கை காய்வதற்குச் சுவரில் ஒரு பெட்டி சூடான காற்றை ஊதுகிறது. அதன் இரைச்சலே எனக்குப் பிடிக்காது. எவ்வளவு ஊதினாலும் கடைசியில் ஆள் பார்க்காத நேரத்தில் சேலையில்தான் துடைத்துக்கொள்கிறோம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். அக்கா கொழுந்து எடுத்துவிட்டு வந்து அங்கேதான் கை கழுவுவாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு மழையில் ஊறிக் கிடக்கும். அவளிடம் காய்ந்த துணி ஏது? தோட்டத்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் கவுனின் முதுகுதான் அவளுக்குத் துவாய். நான் கத்தக் கத்தத் துடைத்துவிட்டு, கழுத்திலும் ஒருமுறை கையை வைத்த பிறகே விடுவாள். பக்கத்து லயத்தில் கட்டிக்கொடுத்த பிறகும் இது நிற்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அட்டன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சுகாதாரப் பாடம் எடுத்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர். ஒருவர் துணியில் இன்னொருவர் கை துடைக்கக் கூடாது, அவரவர் கைக்கு அவரவர் லேஞ்சி, கைக்குட்டை, இருக்க வேண்டும் என்பார். தினமும் காலையில் லேஞ்சியை விரித்துக் காட்ட வேண்டும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். லேஞ்சி வந்ததும் நான் யாரையும் கிட்டே சேர்க்கவில்லை.

அந்த வருடமே அக்கா வாழப்போன குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. எங்களுக்கு இலங்கை, அவளுக்கு இந்தியா என்று இரண்டு அரசாங்கமும் காகிதத்தில் பிரித்துவிட்டன. வழியனுப்ப அட்டன் ஸ்டேஷனில் லயமே அழுதுகொண்டு நின்றது.

கோச்சி வருமுன் அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கக்கூசுக்குப் போனாள். குழாயடியில் ஆணியில் தொங்கிய பொதுத் துவாய் கறுத்துப் போயிருந்தது. முகத்தைச் சுளித்தவள், பழக்கத்தில் என் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுவந்தாள். நான் ஓர் அடி விலகினேன்.

"கவுன்ல தொடைக்கக் கூடாதுக்கா. கிருமி ஒட்டிக்கும்னு டீச்சர் சொன்னாங்க. இந்தா, லேஞ்சி."

மடிப்புக் கலையாத லேஞ்சியைப் பெருமையாக நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"வேணாம் புள்ள, கசங்கிரும். நாளைக்கு டீச்சர்கிட்ட காட்டணும்ல" என்று கையை உதறிக்கொண்டாள்.

கோச்சி நகர்ந்ததும் ஜன்னலால் நீட்டிய அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கொஞ்ச காலம் நீலகிரியிலிருந்து கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அவளை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. படித்த திமிரில் விலகிய அந்த ஓர் அடியை இத்தனை வருடமாக மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறேன், அவள் பக்கமாக.