குப்பி என்னைத் தூக்கிப் பார்த்த நாள்

பினாங்கிலிருந்து சின்னத்தா திரும்பி வந்த அன்று, உத்தமபாளையத்தில் எங்கள் தெருவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தம்பி அவர். பன்னிரண்டு வருடம் கடல் தாண்டி இருந்துவிட்டு வருகிற மனிதர் பெட்டியைத் திறந்தால் கைக்கடிகாரமும் பட்டுத்துணியும் அத்தர் சீசாவுமாகக் கொட்டும் என்று எல்லோருக்கும் நினைப்பு. திறந்தார். இரண்டு கைலி, ஒரு தொப்பி, மூட்டுவலிக்குத் தேய்க்கிற சீனத்துத் தைலம் ஒரு சீசா. வந்தவர்கள் ஆளுக்கொரு சொட்டுத் தைலத்தை நெற்றியில் பூசிக்கொண்டு, கண் கலங்கி வீடு திரும்பினார்கள். கலக்கம் தைலத்தாலா ஏமாற்றத்தாலா என்று நான் கேட்கவில்லை.

அவர் கொண்டுவந்த உண்மையான சரக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர், கொல்லையில் தென்னைகளுக்கு நடுவே போய் நின்றார். முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. இரண்டு கைகளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தவலையைக் கட்டிப் பிடித்தது போல நெஞ்சுக்கு நேரே வளைந்திருந்தன. நின்றார், நின்றார், வெயில் ஏறும்வரை நின்றார். கோழி ஒன்று அவர் கால்விரலைக் கொத்திப் பார்த்துவிட்டு, இது வேலைக்கு ஆகாது என்று போய்விட்டது.

அம்மா பயந்துபோய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து சின்னத்தாவை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தொழுகைய விடலையில்ல?"

"இல்ல ஹஜ்ரத்."

"அப்ப நின்னுக்க. நிக்கிறதுக்கு யாரும் வரியா போட்டிருக்காக?"

அடுத்து வந்தவர்கள் தெருவின் இளவட்டங்கள். "சீனாக்காரன் வித்தையாமே! வெறுங்கையால செங்கல்ல ஒடைப்பீகளா?"

"ஒடைச்சா கொத்தனாருல்ல கோச்சுக்குவாரு," என்றார் சின்னத்தா.

பிறகு உட்காரவைத்துச் சொன்னார். பினாங்கில் அவர் வேலை பார்த்தது ஒரு சீனத்து மருந்துக்கடையில். வேர் இடிப்பதும் பொட்டலம் மடிப்பதும் வேலை. கடைக்காரப் பெரியவர் இந்த நிற்றலைச் சொல்லிக் கொடுத்தாராம். தொப்புளுக்கு மூன்று விரல் கீழே ஒரு அடுப்பு இருக்கிறதாம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, நினைப்பை அங்கே வைத்தால், மூச்சு தானாக இறங்கி அந்த அடுப்புக்கு விறகாகுமாம்.

"அடுப்பு மூட்டுறது பெருசில்லப்பா. அதுல என்னத்தச் சமைக்கிறோம்ங்கிறதுதான் பெருசு. கோவத்தையும் ஆசையையும் போட்டு வேக வச்சு, மனசத் தெளிய வைக்கிறதுக்குத்தான் அம்புட்டு நிப்பும்னு பெரியவரு சொல்லுவாரு."

இளவட்டங்களின் முகம் தொங்கிப்போனது. பாவம் பார்த்து ஒரு கதை சொன்னார். ஒரு நாள் துறைமுகக் கூலிகள் நான்கு பேர் பந்தயம் போட்டு அந்தப் பெரியவரைத் தூக்கப் பார்த்தார்களாம். மனிதர் சும்மா நின்றாராம். தரையை விட்டு அசைக்க முடியவில்லையாம். கூட்டம் கை தட்டியதும் பெரியவருக்கு வெட்கமாகிவிட்டதாம். சோத்துக்கு மூட்டின அடுப்பை வேடிக்கை காட்டக் கொளுத்திவிட்டேனே என்று அன்று முழுவதும் அவர் சாப்பிடவே இல்லையாம்.

பையன்கள் கலைந்து போனார்கள். பக்கத்தில் விளக்குமாற்றுக்கு ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்த நான், கதையின் பிற்பாதியை அங்கேயே விட்டுவிட்டு முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான்கு பேராலும் தூக்க முடியவில்லை. எனக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது.

காரணம், குப்பி. அத்தாவின் அக்காள். அல்லிநகரத்தில் தானியக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். வீடு பெரிது, தொட்டிலுக்கு மட்டும் வேலை இல்லை. எங்கள் வீட்டிலோ வரிசையாக நான்கு பெண்கள். பெருநாளுக்கு வந்திருந்தபோது, "தம்பி, மூணாவதக் குடுத்துரு, நான் வளத்துக்கிறேன்," என்றாள். தாயில்லாத அத்தாவை வளர்த்தவளே அவள்தான். அவள் சொல்லுக்கு அத்தா தலையாட்டித்தான் பழக்கம். ஆட்டிவிட்டார். அடுத்த மாதம் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு.

மூணாவது நான். என்னை யாரும் கேட்கவில்லை.

அழுது பார்த்தேன், பலிக்கவில்லை. பட்டினி கிடந்தேன். அது மதியம்வரை தாங்கியது, அன்றைக்கு மீன் குழம்பு. ஆகவே யாராலும் தூக்க முடியாதவளாக ஆகிவிடுவது என்று முடிவெடுத்தேன். வயது ஒன்பது.

தினமும் காலையில் வைக்கோல்போருக்குப் பின்னால், சின்னத்தா கண்ணில் படாமல், அவர் நின்றபடியே நின்றேன். எறும்பு தொடைவரை ஏறி வந்து கடித்தது. அசையவில்லை. மூச்சுதான் விறகு என்றால் அதைச் சேர்த்து வைப்பதுதானே புத்தி? காற்றை மடக்கு மடக்காக விழுங்கினேன். விழுங்கியது எந்த வாசல் வழியாகவும் வெளியே போய்விடாமல் காவலும் இருந்தேன். ஐந்தாம் நாள் வயிறு ரபான் கொட்டு போல உப்பிவிட்டது. அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். ஐந்து நாள் சேமிப்பும், நாங்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரே முட்டாகப் போய்விட்டது. ஓதிக்கொடுக்கிற ஆசிரியையம்மா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையை மட்டும் நீட்டினாள். ஒளு முறிந்துவிட்டது, திரும்பச் செய்துவிட்டு வா என்று அர்த்தம். நானும் எழுந்து போய்க் கைகால் கழுவினேன். மறுநாள் காலை வைக்கோல்போருக்குப் பின்னால் முதலிலிருந்து தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் குப்பி வந்தாள். கையில் துணிப்பை, அதில் எனக்குப் புதுப் பாவாடை சட்டை. சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்தபோது நான் முற்றத்தின் நடுவில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத தவலையைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தேன்.

"என்ன ஆத்தா இது, சோளக்கொல்லப் பொம்மயாட்டம்? கெளம்பு, பஸ்ஸு வந்துரும்."

"என்னையத் தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க குப்பி."

"முடியலேன்னா?"

"இங்கனதான் இருப்பேன்."

அத்தா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "பெரியவுககிட்ட என்ன பேச்சு பேசுற!"

"நீ சும்மா இரு தம்பி. புள்ள என்கிட்டத்தான பேசுது," என்ற குப்பி பையைக் கீழே வைத்தாள். "சரி. தூக்க முடியலேன்னா உன் வீடு உனக்கு. போதுமா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். இரண்டு கைகளையும் என் அக்குளில் கொடுத்தாள். நான் நாக்கை மேலே ஒட்டினேன். நினைப்பைத் தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் இறக்கினேன். அவள் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது, வெற்றிலை மணத்தோடு. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை எடுத்தால் பிடி போய்விடும் என்று துடைக்கவில்லை. அவள் உடனே தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வாய்ச் சோறு மென்று விழுங்குகிற நேரம்.

பிறகு "யா அல்லா!" என்று ஒரு முக்கு முக்கினாள். என் குதிகால் தரையை விடவில்லை. இன்னொரு முக்கு. ம்ஹூம்.

"ஏ தம்பி, என்னத்தப் போட்டு வளக்குற இவள? அம்மிக்கல்லயில்ல முழுங்கி வச்சிருக்கா!" என்று தரையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். "இவளத் தூக்கிட்டுப் போயி என் இடுப்பு ஒடியவா? நீயே வச்சுக்க."

அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். அத்தா தரையைப் பார்த்தார். நான் வெற்றியோடு சின்னத்தாவைத் தேடினேன். இந்த வித்தையின் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வருசம் நின்னு நான் பாதித் தூரம் போகல," என்று அத்தாவின் காதருகே சொன்னார். "அக்கா நிக்காமலே போய்ட்டாக."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எறும்புக்கடி வாங்கி நின்றவள் நான். பெயர் தூக்க முடியாமல் தோற்றவளுக்கா?

குப்பி துணிப்பையை என் காலடியில் வைத்தாள். "அளவெடுக்காமத் தச்சது. சரியா இருந்தா போட்டுக்க." பிறகு போட்டுப் பார்த்தேன், கொக்கிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குக் கொடுத்தனுப்ப அத்தா ஒரு சாக்கில் நாற்பது தேங்காய் கட்டி வாசலில் வைத்திருந்தார். காலையில் அவரும் வண்டிக்காரரும் சேர்ந்து ஆளுக்கொரு முனை பிடித்துக் கொண்டுவந்து வைத்தது.

"இருங்கக்கா, தூக்க ஆளு வருது," என்றார் அத்தா.

குப்பி நிற்கவில்லை. குனிந்து சாக்கின் இரண்டு காதையும் பிடித்தாள். ஒரே வீச்சில் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.

தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் நான் நாற்பது தேங்காயை விடக் கனம்! மாலைவரை தெருவில் ஒரு வீடு விடாமல் போய் அதைச் சொன்னேன். கேட்ட பெரியவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.