இலையில் வைத்த சிவப்பு ஒயர்

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்றே, இனிமேல் கலெக்டரைப் பார்க்க வேலூர் பஸ் ஏற வேண்டாம் என்று ஊரே பேசிக்கொண்டதே, அதற்கு முந்தின கடலை சீசனில் என் கைக்கு வந்தது இந்தச் சிவப்பு ஒயர். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு முனையிலும் மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்திருக்கும். கட்டிங் பிளேயர் எடுத்து வரக்கூடப் பொறுமையில்லாத மனிதரின் வேலை. சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் மருமகள் இதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள். விடமாட்டேன்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அப்போது ஒரு எண்ணெய் ஆலை இருந்தது. ஆட்டி முடித்த பிறகும் பிண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கும் இல்லையா, அதைப் பெட்ரோல் மாதிரி ஒரு சரக்கை ஊற்றிக் கரைத்து எடுப்பார்கள். பெட்ரோல் மாதிரி என்றால் நெருப்புப் பிடிப்பதும் அப்படித்தான். நான் அங்கே பாயிலர் ஆள். கடலைத்தோலை அள்ளிப் போட்டு நீராவி கிளப்ப வேண்டும்; அந்தச் சூட்டில்தான் சரக்கு ஆவியாகி எண்ணெயை விட்டுப் பிரியும். இன்றைக்கும் எங்காவது கடலைத்தோல் எரிகிற வாசனை வந்தால் தோள்பட்டை தானாக வலிக்கும். அது கிடக்கட்டும். பாயிலருக்குப் பக்கத்து அறையில் ட்ரிப் பெட்டி என்று ஒன்று இருந்தது. அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்கு வைத்த பலகை. அவுட்புட் கார்டு என்பார்கள். அந்தச் சரக்கின் ஆவியைக் குளிர வைக்கிற தண்ணீர் பம்பு நின்றால் பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே அந்தப் பலகை தன் விளக்கை அணைத்து, நீராவி வால்வுக்குப் போகிற கரண்ட்டை விட்டுவிடும். கரண்ட் போனால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆலை அடங்கிவிடும். அது யாரிடமும் உத்தரவு கேட்காது. அதுதான் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

ஆலை ஃபிட்டரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். டவுனில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். காலையில் கேட்டில் நின்றுகொண்டு மூட்டை தூக்குகிறவர்களின் மடியைத் தடவி, பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு டால்டா டின்னில் போட்டு வாங்கி வைப்பார். "பீடி போலீஸ் வந்துட்டாருடா" என்று கிண்டல் செய்வார்கள். "ஊதணும்னா ரோட்டுக்குப் போய் ஊதுடா. உள்ள ஊதுனா நீயே பொகையா போயிடுவ" என்பார். அவர் வாயில் வெற்றிலை தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை.

அந்த சீசனில் பம்பு பெல்ட் அடிக்கடி நழுவியது. நழுவும்போதெல்லாம் பெட்டி ஆலையை நிறுத்தியது. வாசலில் லாரிகள் நின்றன. ஒரு நாள் மேனேஜர் என் கண் எதிரிலேயே வந்து, ஒயரைக் கடித்து உரித்து, பலகையில் வால்வுக்குப் போகிற இரண்டு ஸ்க்ரூவையும் சேர்த்துக் கட்டினார். அதன் பிறகு விளக்கு அணைந்தாலும் வால்வு திறந்தே நின்றது. பாய் சண்டைக்குப் போனார். "விளக்கு அணைஞ்சும் ஆலை ஓடுதுன்னா நாம யாரும் வூடு போய்ச் சேர மாட்டோம் சார்" என்றார். உன் வேலையைப் பார் என்று பதில் வந்தது.

அந்த வாரமே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெல்ட் அறுந்தது. விளக்கு அணைந்ததை நான் பார்த்தேன். வால்வு மூடவில்லை. குளிராத சரக்கு ஆவி வெள்ளையாகப் பனி மாதிரி தரையில் படர்ந்தது. பாய் எங்களை எல்லாம் வெளியே விரட்டிவிட்டு, வால்வைக் கையால் மூட உள்ளே ஓடினார். மூடியும்விட்டார். அதனால்தான் நான் இருந்து இதைச் சொல்கிறேன். அதற்குள் எந்த மோட்டாரிலோ பொறி பறந்து நெருப்புப் பிடித்தது. அவர் வரவில்லை. உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போதே மேனேஜர் பின்பக்கமாக வந்து, பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கி, வெளியே நான் நின்ற கடலைத்தோல் குவியலில் எறிந்துவிட்டுப் போனார். குவியலைக் கிளறி நான் எடுத்தேன்.

மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. பாய் பீடி பற்றவைத்தாராம், ஆலை கொளுத்திக்கொண்டதாம். பரப்பினது மேனேஜர். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஒயரைக் காட்டினேன். கைநாட்டு ஆள், பாய்க்கு வேண்டியவன் என்று மேனேஜர் சிரித்தார். அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். பாயம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு பீடியே தொட்டதில்லன்னு ஒங்களுக்குத் தெரியுமில்லண்ணா?" தெரியும் என்றேன். அவள் தெருவில் நடந்தால் ஆலையைக் கொளுத்தினவன் பெண்டாட்டி என்று பின்னால் பேசினார்கள்.

மேனேஜர் பிறகு சொந்தத் தொழில் வைத்துப் பெரிய மனிதர் ஆனார். தீபத்துக்கு மலை சுற்றுகிற பாதையில் பந்தல் போட்டு அன்னதானம். முதல் கேசரியைத் தன் கையால் இலைக்கு இலை வைப்பார். நானும் போய் வரிசையில் உட்கார்ந்தேன். இலையில் உப்பு வைக்கிற மூலையில் இந்த ஒயரை வைத்தேன். அவர் வாளியோடு குனிந்தார், பார்த்தார், கரண்டி அப்படியே நின்றது. "பாய் பேரால கொண்டாந்தேங்க. உங்க பொருளுதான்" என்று சொல்லிவிட்டு, ஒயரை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்தேன். போட்ட இலையை விட்டு ஒரு ஆள் பட்டினியாக எழுந்து போனால், சோறு போட்டவனுக்கு அதைவிட என்ன கேவலம்? வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த வருடமும் போனேன். அதற்கடுத்த வருடம் என்னைத் தடுக்க ஆள் நிறுத்தியிருந்தார். கீழ்பென்னாத்தூர் ஜனங்களோடு தலையில் துண்டு கட்டிக்கொண்டு நுழைந்தேன். கடைசியில் அவர் மகன் வீடு தேடி வந்தான். "அப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. வுட்டுடுங்க பெரியவரே." பந்தல் மைக்கில் ஒரு வாட்டி, பீடி இல்லை, ஒயர்தான் என்று அவர் சொல்லட்டும், வயிறாரச் சாப்பிட்டுப் போகிறேன் என்றேன். "மானம் போயிடும்னு பயப்படறாருங்க" என்றான். "பாய்க்குப் போனதுக்குப் பேரு என்னப்பா?" என்றேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

அவர் சொல்லாமலே செத்தார். கருமாதிச் சாப்பாட்டுக்கும் போனேன். படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, இலையில் ஒயரை வைத்து, எழுந்து வந்தேன். செத்தவனை விட்டுவிடலாமே என்பார்கள். பாயும் செத்தவர்தான். அவரை யார் விட்டார்கள்?

இப்போது முழங்கால் மடங்குவதில்லை, பந்தியில் உட்கார முடியாது. பந்தல் மட்டும் வருஷா வருஷம் நடக்கிறது. இதைப் படிக்கிற நீங்கள் தீபத்துக்கு வருவீர்கள், பசியோடு எங்காவது உட்காருவீர்கள். அந்தக் காலத்தில் ஒரு பாய் பீடி பிடித்து ஆலையே எரிந்தது என்று பக்கத்து இலைக்காரர் பேச்செடுத்தால், சாப்பிடாமல் எழுந்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால், பீடி இல்லை, சிவப்பு ஒயர் என்று சொல்லுங்கள். நம்பாதவர்களை என் வீட்டுக்கு அனுப்புங்கள். ஆணியில்தான் தொங்குகிறது.