பாண்டிக்குப் போய் வாங்கிய மாத்திரை

என் வீட்டுக்காரர் குடித்ததே இல்லை. இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறது என்று படுத்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவர் என் பொருட்டுச் சில வாரம் குடிகாரர் என்று பேர் வாங்கிக்கொண்டு திரிந்தார். அவசர கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கலாமா கூடாதா என்று டிவியில் நான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசும்போதெல்லாம் எனக்கு அவருடைய அந்த நாள் முகம்தான் நினைவுக்கு வரும். நான் சீட்டு இல்லாமலும் கேட்டவள், சீட்டோடும் கேட்டவள். எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் நடந்தது இது. மாமனார் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். அவர் வேலைதான் இவருக்கு வந்தது. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பிரிவு, மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவரும், எட்டு மாதப் பெண் குழந்தையும், மாமியாரும் இருந்தோம். மாமியாருக்குப் பேய் பிசாசுக்கெல்லாம் பயமில்லை, பாண்டிச்சேரி என்றால்தான் பயம். மாமனார் ஆஃப் கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறிக் குடிக்கப் போனது அங்கேதான். அதனால் எங்கள் வீட்டில் யாரும் அந்த ஊரின் பேரையே எடுப்பதில்லை.

என் பிரசவம் லேசில் முடியவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, ஆனால் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அவரோடு ஷிப்டில் இருந்தவர்கள் மைன்ஸ் உடுப்போடு ஓடிவந்து ரத்தம் கொடுத்தார்களாம். எனக்கு அது ஒன்றும் தெரியாது, நான் மயக்கத்தில் கிடந்தேன். எல்லாவற்றையும் பார்த்தது அவர்தான். வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் நான் தூங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். என்னங்க இது என்று கேட்டால், சும்மா என்பார். அடுத்த குழந்தையை இரண்டு வருஷத்துக்கு நினைக்கவே கூடாது, உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதை நான் காதில் வாங்கினேன், அவர் நெஞ்சில் வாங்கினார்.

அப்படி அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒருநாள் ஆணுறை கிழிந்துவிட்டது. இதை எழுத எனக்கு இப்போது வெட்கமில்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கும் அதைப் பேசவே வெட்கமாக இருந்தது. காலையில் பார்த்தால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு. "எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அவரை ஷிப்டுக்கு அனுப்பினேன். அப்படி ஒரு மாத்திரை இருப்பதை ஏதோ ஒரு மகளிர் பத்திரிகையில் படித்திருந்தேன். படித்த திமிரோடு டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கின் மார்க்கெட்டில் இருந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். குழந்தைக்கு வயிற்று வலி என்றால் மருந்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவர். நான் கேட்டதும் இடது பக்கம் வலது பக்கம் பார்த்துவிட்டு, "சீட்டு இருக்காம்மா?" என்றார். சரி என்று டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு லேடி டாக்டரிடம் போய்க் காத்திருந்தேன். அந்தம்மா சிரித்தார். "இதுக்குச் சீட்டே தேவையில்லம்மா. சட்டப்படி யார் வேணா கேட்டு வாங்கலாம். மூணு நாளுக்குள்ள போட்டாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று எழுதியும் கொடுத்தார்.

கடைக்காரர் அந்தச் சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்து, அழகாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஸ்டாக் இல்லம்மா."

"எப்ப வரும்?"

"வராதும்மா."

"அப்புறம் எதுக்கு என்னைச் சீட்டுக்கு அலைய விட்டீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாங்கி வெச்சா ஆபீசருங்க வந்து கேள்வி கேக்கறாங்கம்மா. எதுக்கு வம்புன்னு யாருமே வெக்கறதில்ல. பாண்டில கெடைக்கும்."

நான் விடவில்லை. இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றார்கள். இல்லாத மருந்துக்குத் தாலி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டிருக்கலாம், ஆனால் அதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு நிற்கிற எனக்கே இந்தக் கதி. கல்யாணம் ஆகாத பெண் யாராவது வந்து நின்றால் அவளை எந்தப் பார்வை பார்த்திருப்பார்களோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லை. மறுநாள் லீவு போட்டார். அம்மாவிடம் மட்டும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்று சொன்னார். பாண்டிக்குப் போகிறேன் என்று அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? அத்தை வழக்கம்போல எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் இவர் பஸ் ஏறினார். பண்ருட்டி, மேல்பட்டாம்பாக்கம், கடலூர் என்று மாறி மாறிப் போய் இறங்கியிருக்கிறார். மருந்துக் கடையில் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வராமல் சீட்டை நீட்டியிருக்கிறார். கடையிலிருந்த பெண் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லையாம். காய்ச்சல் மாத்திரையை எடுப்பது மாதிரி எடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அவ்ளோதாம்மா. அவ்ளோ லேசா குடுத்துட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வரும்போது எல்லையில் செக்போஸ்ட். பாட்டில் தேடுகிற போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். இவர் முகம்தான் திருட்டு முழி முழித்திருக்குமே. நேரே இவரிடம் வந்து பையைத் தடவியதில் காலி டிபன் பாக்ஸும் குழந்தைக்கு வாங்கிய கிலுகிலுப்பையும்தான் இருந்தன. சட்டைப் பையில் என்ன என்று எடுத்துப் பார்த்திருக்கிறார். அட்டையைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல், அதைத் தானே இவர் பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கிப் போனாராம். முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

நான் மாத்திரையை விழுங்குகிற வரை இவர் எதிரிலேயே நின்றார். வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டியிருக்கும் என்று அந்தக் கடைப் பெண் சொல்லியிருந்ததால், எனக்குக் குமட்டல் வந்தபோதெல்லாம் விசிறியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "அடக்கிக்கம்மா. இதுக்கு மேல பாண்டிக்கு பஸ் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் குமட்டல் அடங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து எதிர் குவார்ட்டர்ஸ்காரர் அத்தையிடம் வாயை விட்டார். "என்னம்மா, புள்ள அன்னைக்கு லீவு போல. கடலூர்ல பாண்டி பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தானே." அவ்வளவுதான். அத்தை நேரே துவைக்கப் போட்டிருந்த துணியில் அவருடைய சட்டையைத் தேடி எடுத்து மோந்து பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம் அந்த மூக்குக்கு. ஒன்றும் தெரியவில்லை. அதற்காகச் சமாதானம் ஆகிவிட்டாரா என்றால் இல்லை. "இப்பல்லாம் வாசனையே வராத சரக்கு வந்திருக்குதாமே" என்று என்னிடம் கண் கலங்கினார். வாசனை வந்திருந்தால் குடித்திருக்கிறான், வராவிட்டால் நல்லதாகக் குடித்திருக்கிறான். மகனுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்கப்பனுக்குச் சோறு போட்டுப் போட்டு ஓஞ்ச கை இது. உனக்கும் அப்பிடிப் போட வெச்சுடாதடா."

"நான் குடிக்கலம்மா" என்றார் இவர்.

"அப்ப எதுக்குப் பொய் சொல்லிட்டுப் போன?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தார். அறைக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, சொல்லித் தொலைச்சா என்ன?"

"உன் சமாசாரத்தை நான் எப்படி வெளிய சொல்றது? என்னைத் தப்பா நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும்."

"என் சமாசாரமா? நான் மட்டும் தனியாவா?" என்றேன். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. எவ்வளவு நல்ல மனிதர் கையில் நான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன்.

ஆனால் மாத்திரை போட்டதோடு பயம் போய்விடவில்லை. மாதவிலக்கு வந்தால்தான் நிச்சயம். நாள் தள்ளிக்கொண்டே போனது. வெளியில் அத்தை பேசுவதை நிறுத்திவிட்டார், உள்ளே இவர் தூங்குவதை நிறுத்திவிட்டார். திரும்பவும் அந்த ரத்தம், திரும்பவும் அந்த வராந்தா என்று இருவரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டு, குழந்தையின் சளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் காலையில் வந்துவிட்டது. நான் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டவரிடம் கதவைக் கொஞ்சம் திறந்து சொன்னேன். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தள்ளாடாத குறையாகக் கூடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று அவர் அந்தக் கீரையை விட்ட நாளே கிடையாது.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியாடா?" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. ஈரக் காலோடு வந்து அத்தையின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உறை கிழிந்ததிலிருந்து சற்று முன் நடந்தது வரை ஒன்றையும் விடவில்லை. இவர் பாதியிலேயே வாசலுக்கு ஓடிவிட்டார். அத்தையின் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "நம்ம பிளாக் கடையில இல்லைன்னா சொன்னான்?"

"ஆமா அத்த. சீட்டு காட்டியும் இல்லன்னுட்டாரு."

அன்று மதியம் மகனுக்குத் தட்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் போதும் போதும் என்று சொல்லச் சொல்லச் சோறு போட்டார். சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாடி, கடைக்குப் போயிட்டு வரலாம்" என்று என்னைக் கூப்பிட்டார். காய்கறிக்கு என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். மெடிக்கல் ஷாப் முன்னால் போய் நின்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. ஷிப்ட் விட்டு வந்தவர்களும் ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டி வந்த அம்மாக்களுமாக நல்ல கூட்டம்.

"புள்ள தங்காம இருக்க மறுநாள் போடுவாங்களாமே ஒரு மாத்திரை, அதுல ஒண்ணு குடுப்பா" என்றார் அத்தை. தேங்காய் கேட்கிற குரலில் கேட்டார்.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "யாருக்கும்மா?" என்றார்.

"எனக்குத்தான்."

அவர் அத்தையின் நரைத்த தலையையும் பொட்டில்லாத நெற்றியையும் பார்த்தார். "உங்களுக்கா?"

"ஏன், எனக்குன்னா குடுக்க மாட்டியா?"

"ஸ்டாக் இல்லம்மா" என்றார் பாவம், வேர்த்துப்போய்.

"புருசன் இருக்கறவளுக்கும் இல்ல, இல்லாதவளுக்கும் இல்ல. அப்புறம் யாருக்குப்பா வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தார்.

மார்க்கெட்டைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு எனக்கு வெடித்துக்கொண்டு வந்தது. "என்ன அத்த நீங்க, எனக்குத்தான்னு கூசாம ஒரு பொய்ய…" என்று ஆரம்பித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "பொய்யின்னா நெனச்ச? இவன் பொறந்து வருசம் திரும்பல, மறுபடியும் தங்கிச்சு. அதுக்கப்புறம் இன்னொண்ணு. ரெண்டும் நிக்கல. ரெண்டாவதுல நான் பொழச்சதே அதிகம்னாங்க. குடிச்சிட்டு வந்து நிக்கிற மனுசன்கிட்ட வேணாம்னா கேப்பானா? விடிஞ்சா எங்கனா போயி எதனா வாங்கி முழுங்கிடலாமான்னு அடுப்பாண்ட உக்காந்து அழுதுகினு இருப்பன். எங்க போறது, என்னான்னு கேக்கறது, ஒண்ணும் தெரியாது. இன்னைக்குத்தான் கேட்டன்."

அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். எனக்காவது பாண்டி வரைக்கும் போய் வர ஓர் ஆள் இருந்தார்.