வாசலில் உட்காருகிறவர்களுக்கு முதலில்

அப்பாவின் கால் எலும்பு முறிந்து, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா தன் மாங்காய் ஆரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மருத்துவமனை மாடிப்படியில் வைத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"மூணு மாசந்தாம்மா. அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடு. வூட்டுக்கு வெள்ள அடிக்கிறாங்க, எங்கம்மா பீரோவுல இருக்கட்டும்னு சொல்லி எடுத்துட்டு வந்திருக்கேன்."

அது அவளுடைய திருமணத்துக்கு நாங்கள் போட்ட ஆரம். சட்டப்படி அவளுக்குச் சொந்தமானது. ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மருமகளின் நகை அவள் கழுத்தில் கிடக்கும்வரையில்தான் அவளுடையது. கழன்று வீட்டைவிட்டு வெளியே போய்விட்டால், அதைப் பற்றிக் கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை வந்துவிடும். இது அக்காவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் கொடுத்தாள், தெரிந்தும் வாங்கிக்கொண்டார். கடலூரில் நகைக்கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஆரம் அம்மாவின் பெயரில் அடகுக்குப் போனது. மூன்று மாதம் ஒரு வருடத்தைத் தாண்டியது.

நான் அப்போது சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியனாக இருந்தேன். வாரநாட்களில் அங்கேயே ஓர் அறை. சனி, ஞாயிறு மட்டும் கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் வீடு. கடனில் சிக்கியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் மையம் ஒன்று கடலூரில் இருக்கிறது என்ற துண்டறிக்கையை அண்ணாகிராமம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்ததும் என் வேலைகளில் ஒன்று. பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதை வாங்கி, பிசுக்குக் கையை அதிலேயே துடைத்துக்கொண்டாள். அதற்காக நான் மனத்துக்குள் வருத்தப்பட்டேன். ஆனால் அந்தத் தாளை என் சொந்த வீட்டுக்கு எடுத்துப் போக எனக்கே பல மாதங்கள் ஆயின.

எங்கள் வீட்டின் கடன்களை அம்மா ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் வண்டியில் வந்து வசூலிக்கும் தண்டல்காரர் ஒருவர். ஒரு நிதிக் கம்பெனி கொடுத்த, வாரம் ஒருமுறை கட்ட வேண்டிய மகளிர் குழுக் கடன் ஒன்று. அடகில் இருந்த ஆரம். அம்மா எந்த வரிசையில் பணம் கட்டினார் என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். வட்டி எதில் அதிகம், எந்தக் கடனில் பொருள் போய்விடும் என்பதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. யார் வாசலில் நின்று சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில். நகைக் கம்பெனி சத்தம் போடவில்லை. அப்பாவின் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அப்பா அவற்றை ரீசார்ஜ் விளம்பரம் என்று அழித்துக்கொண்டிருந்தார்.

தபாலில் ஏல அறிவிப்பு வந்த பிறகுதான் அம்மா என்னோடு ஆலோசனை மையத்துக்கு வரச் சம்மதித்தார்.

மாடியில் சின்ன அறை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி; நாற்பதை ஒட்டிய வயது, வேகமான பேச்சு. வங்கி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர் என்றார்கள். அம்மா புடவைத் தலைப்பால் முழங்கையை மூடிக்கொண்டு, தண்டலையும் குழுவையும் சொல்லி நிறுத்தினார்.

"வேற?"

"வேற... ஒரு நகை இருக்குதும்மா."

"அதத்தாம்மா மொதல்ல சொல்லணும். மத்ததெல்லாம் தள்ளிப்போட்டா வட்டி ஏறும். இது தள்ளிப்போட்டா பொருளே போயிடும். வட்டி பூராத்தையும் கட்டி, அசல்ல கொஞ்சம் கட்டினாப் போதும், ஏலத்த நிறுத்தலாம். நான் லெட்டர் எழுதித் தர்றேன். அடுத்தது தண்டல். குழுவுக்குத் தவணையக் கம்மி பண்ணச் சொல்லி மனு குடுங்க. வூட்டுக்கு வந்து மெரட்டுனா கம்ப்ளெய்ன்ட் பண்ணலாம். ஒரு கடன அடைக்க இன்னொரு கடன் வாங்காதீங்க." பேனாவை மூடப் போனவர் நிறுத்திக் கேட்டார். "நகை யாரோடது?"

"எம் பொண்ணோடது."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சொல்லிடுங்கம்மா. அவரும் சேர்ந்தா சீக்கிரம் திருப்பலாம். கடன்ல மறைக்கிற எடத்துலதான் செலவு ஜாஸ்தி."

படி இறங்கும்போது அம்மா சொன்னார்: "நல்லாத்தான் பேசுது அந்தப் பொண்ணு. அதுக்குக் கல்யாணமாயி மாமியார் இருக்குதான்னு கேக்கணும்னு நெனச்சேன்."

சிரித்தோம். சொல்லப்பட்ட எல்லாவற்றிலும் நகையை மீட்கக் கைக்காசு தேவைப்படாத ஒரே வழியை அந்தப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்பது அப்போது எனக்குப் படவில்லை. அக்காவின் கணவரான மாமாவிடம் சொன்னால் அக்காவுக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணவில்லை. நகையைத் திருப்பிவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது என்று முடிவு செய்தேன்.

நல்லவேளையாக நிறுவனத்தில் நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்தது. கம்பெனிக்குக் கட்டவேண்டிய வட்டிக்கும் அசலில் ஒரு பங்குக்கும் அது சரியாக இருந்தது. கைப்பேசியிலேயே கட்டியிருக்கலாம். ஆனால் உதவி பெறுகிறவர் தன் முடிவைத் தானே எடுக்கவேண்டும், தன் காரியத்தைத் தானே நடத்தவேண்டும் என்று இரண்டு வருடம் படித்து, தேர்விலும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். பணத்தை அம்மாவின் கையில் கொடுத்து, "திங்கக்கெழம நீயே போயிக் கட்டும்மா" என்றேன். அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை குழு கூடும் நாள். நான் சிதம்பரம் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெண்கள் ஆறேழு பேர் வந்து எங்கள் வாசற்படியிலும் நடையிலும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் அவள் பங்கை மற்றவர்கள் போட்டுத்தான் கட்டவேண்டும் என்பது குழுவின் ஏற்பாடு. அம்மாவின் பங்கை அவர்கள் ஏற்கெனவே சில வாரங்கள் போட்டிருந்தார்கள். அம்மாவும் இதேபோல மற்றவர்கள் வாசலில் போய் உட்கார்ந்தவர்தான்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர், கருவாடு விற்பவர். ஞாயிறு பூசை தவறாதவர். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தவர்.

நான் மையத்தில் கேட்டதை அப்படியே சொன்னேன். "அக்கா, இப்படி வூட்டுக்கு வந்து ஒக்காரக் கூடாது. அதுக்கு விதி இருக்குது."

பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். "தம்பி படிச்ச புள்ள இல்ல, சட்டம் பேசுது."

கருவாட்டுக்கார அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, நாங்க கம்பெனி இல்லப்பா. குழுக் கடன் குடுத்த கம்பெனிக்காரன் அங்க என் வூட்டு நாற்காலில ஒக்காந்திருக்கான். அவன எழுப்பத்தான் நாங்க இங்க வந்து ஒக்காந்திருக்கோம். எம் பையனுக்குப் பீஸ் கட்ட வச்சிருந்ததத்தான் போன வாரம் உங்கம்மா பேருல போட்டேன். மாதாவே சாட்சி, உன்கிட்ட பொய் சொல்லல. அந்த விதியில என் காசுக்கு எதுனா எழுதியிருக்குதா, பாத்துச் சொல்லு."

மையத்து அதிகாரி போட்டுக் காட்டிய கணக்கில் இந்தப் பெண் இல்லை. என் கணக்கிலும் இல்லை.

அம்மா உள்ளே போய் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் மறுக்காமல் வாங்கிக் குடித்தார்கள். தம்ளர்களைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு அம்மா பீரோவைத் திறந்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தடுத்தால் கஞ்சி கொண்டுவந்தவரின் முகத்தைப் பிறகு எப்படிப் பார்ப்பது? தடுக்காவிட்டால் ஆரம் என்னாகும்? நான் இரண்டையும் எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா எண்ணிக் கொடுத்துவிட்டார். பழைய நிலுவையெல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது.

"நகைக்கு?" என்றேன், அவர்கள் போன பிறகு.

"அவுங்க வாசல்ல வந்தா ஒக்காந்திருக்காங்க? பாத்துக்கலாம்."

அவர்கள் வந்து உட்காரவில்லை. சொன்ன தேதியில் ஏலம் விட்டுவிட்டு, குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இடையில் இருந்த நாட்களில் நான் இரண்டு நண்பர்களிடம் கேட்டேன், கிடைக்கவில்லை. கம்பெனியில் அவகாசம் கேட்டு மையத்தின் கடிதத்தைக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். தண்டல்காரரிடம் மட்டும் போகவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கக் கூடாது என்ற அறிவுரையை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "சாயந்தரம் கீழ வீதிப் பக்கம் வா" என்றாள். சிதம்பரம் கவரிங் நகைக்குப் பேர்போன ஊர். கடையில் அவள் தன் திருமணப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், உள்ளே போனார், ஒரு தட்டில் நான்கு மாங்காய் ஆரங்களைப் பரப்பினார். படத்தைக் காட்டி நகை கேட்பவர்கள் அவருக்குப் புதிதல்ல என்பது தெரிந்தது.

"தண்ணி படாம வச்சிக்குங்க. கருக்காது" என்றார்.

சில மாதம் கருக்கவில்லை. பிறகு அக்காவின் நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. பிறந்த வீட்டுக்கு வந்திருந்தவள் விசேஷத்துக்கு முதல்நாள், "அண்ணி, உங்க மாங்கா ஆரத்த நாளைக்கு ஒருநாள் நான் போட்டுக்கறேனே" என்று உரிமையோடு கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் அதை உள்ளங்கையில் போட்டு ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"என்னா அண்ணி, இவ்ளோ லேசா இருக்குது?"

சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்களாம். இதை அக்கா என்னிடம் சொல்லும்போது அந்தக் கேள்வியை நாத்தனாரின் குரலிலேயே சொன்னாள்.

வளைகாப்பு முடிந்த மறுநாளே மாமா வண்டியில் கடலூர் வந்தார். அம்மா கொண்டுவந்த தண்ணீரைத் தொடவில்லை. அம்மாவையோ அப்பாவையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாம் என்னிடம்தான்.

"ஏன் மச்சான், ஊரு ஊராப் போயி நோட்டீஸ் குடுக்கற. கடன மறைக்காதீங்கன்னு மைக்குல பேசற. என் வூட்டுக்கு ஒரு நோட்டீஸ் குடுக்கத் தோணலியா?"

"தப்புதான் மாமா."

"ஏல நோட்டீஸ் வந்தப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே திருப்பியிருப்பேன். எங்கம்மாவுக்குத் தெரியாமத் திருப்பியிருப்பேன். இப்ப என்னா பண்ணச் சொல்ற? வளகாப்பு வூட்டுல அத்தன பேரு முன்னாடி..."

திருப்பியிருப்பாரா? அதைப் பலமுறை யோசித்துவிட்டேன். ஏலம் முடிந்த பிறகு அதைச் சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் செலவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லுகிறவரும் அல்ல. உண்மையாகவே திருப்பியிருப்பார் என்றால் அக்காவை அந்தச் சமையலறையில் நிற்கவைத்தவர்கள் நாங்கள். திருப்பியிருக்கமாட்டார் என்றால் எங்கள் மௌனத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எது உண்மை என்று தெரிந்துகொள்ளும் வழியை நாங்களே அடைத்துவிட்டோம். அக்காவின் மற்ற நகைகள் இப்போது அவள் மாமியாரின் பீரோவில் இருக்கின்றன. கம்மலை மாற்ற வேண்டுமென்றாலும் அவள் சாவி கேட்கவேண்டும்.

கடனும் வட்டியும் செலவும் போக ஏலத்தில் மிஞ்சியது என்று கம்பெனி ஒரு சிறு தொகையைச் சில வாரங்கள் கழித்து அம்மாவின் கணக்கில் போட்டது. "அவளுதுதானே, அவகிட்டயே குடுத்துடு" என்று அம்மா எடுத்துக் கொடுத்தார். அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. சிதம்பரம் பேருந்து நிலையத்தில், அண்ணாமலை நகர் போகும் கல்லூரிப் பிள்ளைகளின் நெரிசலுக்கு நடுவே, கையில் காய்கறிப் பையோடு நின்றாள். உறையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மாவோட குழுக் கடன இத வச்சி முடிச்சிடு. மீதி வேணும்னா நீ போடு. இனிமே யாரும் அம்மா வாசல்ல ஒக்கார வேணாம். அம்மாவும் யார் வாசல்லயும் போயி ஒக்கார வேணாம்."

"சரிக்கா."

"இன்னொன்னு. தீபாவளிக்கு, பொங்கலுக்கு எதுக்கா இருந்தாலும் நீ மட்டும் வா. அம்மா வர வேணாம். எனக்கு அவுங்க மூஞ்சியப் பாக்கணும்னு இல்ல. அந்தச் சமையக்கட்டுல நின்னப்போ, அன்னிக்கு டீ போட்டுக் குடுத்து பணத்த எடுத்துக் குடுத்தாங்கன்னு நீ சொன்னியே, அதுதான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு ஒரு போன் பண்ணலியே."

கடலூர் பேருந்து கிளம்பியது. நான் ஏறினேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கிக்கிட்டாளா? என்னா சொன்னா?"

"குழுக் கடன முடிச்சிடச் சொன்னா. உனக்கு யாரும் தொல்ல குடுக்கக் கூடாதாம்."

அம்மாவின் கண் கலங்கியது. தலைப்பால் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, எம் பொண்ண. வேற?"

"வேற ஒன்னும் சொல்லல."

"பொங்கலுக்கு வரிச எடுத்துக்கிட்டு நானே போயி அவள ஒரு தடவ பாத்துட்டு வரணும்டா" என்றார் அம்மா. நான் உள்ளே போய்க் கை கால் கழுவினேன்.