நாற்பதாவது கோப்பை

எங்கள் சபையில் திருவிருந்து முடிந்ததும் கோப்பைகளைக் கழுவுபவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிடுவோம். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஊரையே மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தரைத்தளத்து ஒற்றை அறையில் தனியாக இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பேசும் நாலு வார்த்தைதான் அவருக்கு வாரம் முழுவதற்குமான பேச்சு.

கடைசி பெஞ்சில் உட்காருவார். ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் நாற்பது சின்னக் கோப்பைகளில் முப்பத்தொன்பது காலியாகத் திரும்பும். ஒன்றில் திராட்சைரசம் அப்படியே இருக்கும். அது அவருடையது. ஆறு வருடமாக நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பாவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எங்களுக்குப் பக்கத்து பெஞ்சு கண்ணில் படுவதில்லை.

காரணத்தை அவரே பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணன் மூன்று முறை ஆளனுப்பியிருக்கிறார். ஏதோ பழைய சண்டை. இவர் வீம்பில் போகாமலே இருந்துவிட்டார். நாலாவதாக வந்தது சாவுச் செய்தி. மன்னிப்புக் கேட்க ஆளே இல்லாதபோது எந்த முகத்தோடு அந்தக் கோப்பையைத் தொடுவது? பழுதான லிஃப்டில் 'யாரும் ஏறக் கூடாது' என்று மாட்டும் பலகையைத் தனக்கே மாட்டிக்கொண்டார்.

போன ஞாயிறு அவருடைய அண்ணி முதல்முறையாக எங்கள் சபைக்கு வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் நேரே சமையலறைக்குள் நுழைந்தார். அன்று கோப்பை துடைக்க ஆளில்லாமல் நான்தான் துணியோடு நின்றிருந்தேன்.

"இது யாருது? குடிக்காம இருக்கு?"

"என்னோடதுதான் அண்ணி. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"லிஃப்ட் பழுதானா யாருமே உள்ள போக மாட்டாங்களா?"

"நான் போவேனே. சரி பண்ணணும்ல?"

"ஆண்டவரும் அதுக்குத்தானே வந்தாரு? ராஜாவா வந்து எதிரிங்கள ஒரு கை பார்ப்பாருன்னு ஜனங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. அவரு நம்ம பழுதுக்குள்ள இறங்கினாரு."

லிஃப்ட்காரர் குழாயை மூடினார்.

"அப்ப நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா அண்ணி?"

"இல்ல. உங்க அண்ணன் கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தாரு. அந்தக் கோபத்தோடதான் நானும் இன்னைக்குக் குடிச்சேன். என்னால தனியா அதைத் தூக்கிப்போட முடியல."

சொல்லிவிட்டு அண்ணி போய்விட்டார்.

லிஃப்ட்காரர் அந்தக் கோப்பையைப் பார்த்தபடி நின்றார். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று எதையும் உளறாமல் இருந்தேன். எனக்கு அதுவே பெரிய காரியம்.

நின்றபடியே குடித்தார். கழுவி, நீரை உதறி, என்னிடம் நீட்டினார்.

"இதையும் துடைச்சிடுங்க."