கைக்கு வந்து சேராத துடிப்பு

அக்காவும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அம்மா இறந்த பிறகு பாகான் டாலாமில் தனியாக இருந்த என்னை, பாயான் பாருவில் தானும் அத்தானும் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்து, "சும்மா இருந்தா அழுதுகிட்டே இருப்ப, கிலாங்குக்கு வா" என்று அந்தத் தொழிற்சாலையிலேயே வேலைக்கும் சேர்த்துவிட்டவள் அவள்தான். அது தொண்ணூறுகளின் தொடக்கம்.

நாங்கள் செய்தது நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம். வெளிநாட்டில் ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் கட்டிக்கொள்வார்களாம். முகப்பில் சின்னக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கும். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளேயிருந்து சிவப்பு வெளிச்சம் பட்டு, விரலில் இரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து எண் காட்டும். கேட்க எளிது. விரலை அழுத்தினால் இரத்தம் நின்று எண் தப்பும். விரல் சில்லிட்டிருந்தாலும் தப்பும். எங்கள் கூடமோ எப்போதும் ஏர்கான் குளிரில் விறைத்துக் கிடக்கும்.

பெட்டியில் போடுவதற்கு முன், ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை உயிருள்ள ஒருவர் கையில் கட்டிப் பார்க்க வேண்டும். திரைக்குப் பின்னால் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு அந்த ஆள் உட்கார்ந்திருப்பார். பெரிய இயந்திரம் காட்டும் எண்ணும் கடிகாரம் காட்டும் எண்ணும் ஒத்துப்போனால் தொகுதி தேறியது. அந்த நாற்காலி அக்காவுடையது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றி, விரலை மெத்தென்று வைப்பாள். எண் உடனே வந்துவிடும். "எங்க அக்கா கைக்கு ஏத்த சாமான்லா" என்று நான் மற்றவர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் எண்கள் ஒத்துப்போகவில்லை. இயந்திரம் காட்டியதைவிடக் கடிகாரம் குறைத்துக் காட்டியது. வேறு கடிகாரம் கட்டினார்கள். அதுவும் குறைவு. அதற்கடுத்ததும் அப்படியே. தொகுதி முழுவதும் கெட்டுவிட்டதென்று சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார். வேலை நின்றது. சீன இளைஞரான எங்கள் இஞ்சினியர் வந்து, திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதே கடிகாரங்கள் என் கையில் சரியாகக் காட்டின. மறுபடி அக்காவை உட்கார வைத்தார். மறுபடி குறைவு.

அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். "காக்கா, பெனிங்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா, தலை சுற்றுகிறதா என்றுதான் மலாயில் கேட்டார்.

"இல்லலா. படி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான். வீட்டுல லிஃப்ட் ரோசாக்" என்று சிரித்தாள் அக்கா. லிஃப்ட் பழுதாகித்தான் இருந்தது. ஆனால் நானும் அதே படிகளில்தான் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை.

இஞ்சினியர் அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானும் கூடப் போனேன். பரிசோதனைகள் முடிந்து மலாய் டாக்டர் சொன்னதை, தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சாம்மா?"

"ஆமா, ஸ்கூல் படிக்கிறப்போ. அம்மா எண்ணெய் தேச்சி விடுவாங்க. சரியாப் போச்சே."

"மூட்டு சரியாப் போச்சி. ஆனா அந்தக் காய்ச்சல்ல ஹார்ட்ல ஒரு கதவு சுருங்கிப் போச்சி. இப்ப ஒழுங்கில்லாம அடிக்குது. சில அடிக்கு வேகமே இல்ல, நெஞ்சோட நின்னுபோகுது. கைக்கு வந்து சேரல."

அக்கா சற்று யோசித்தாள். "அப்ப கடிகாரம் நல்லாத்தான் இருக்கா?"

மிஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டுமே சரிதாம்மா. மெஷின் நெஞ்ச எண்ணுது, கடிகாரம் கைய எண்ணுது."

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா பேசியது இதைத்தான்: "நாளைக்கு மொதல்ல அந்த இஞ்சினியர்கிட்ட சொல்லணும். பாவம், சாமான் கெட்டுப்போச்சின்னு பயந்துட்டாரு." நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோலாலம்பூரில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளை உண்டாகக் கூடாது என்றும் சொன்னார்கள். அன்றிரவு சமையலறையில் அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையில் அக்காவைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அவள் நாடி இனி அளவுக்கு உதவாது என்பது எல்லோருக்கும் தெரியும். நோயைவிட அதுதான் அவளைச் சுட்டது. நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில், "இன்னைக்கு எல்லாம் பாஸா?" என்று கேட்பாள். "பாஸ்தான்கா" என்பேன். "கைய நல்லாத் தேச்சிக்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். சாப்பிட மாட்டாள். ஒவ்வொரு நாளும் என் எண்கள் ஒத்துப்போயின. நான் எதையோ அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

ஆபரேஷனுக்கு முறை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். அக்கா கையிலிருந்த பை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சாய்ந்தாள். நான் தாங்கிப் பிடித்தேன். ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, வெறும் சத்தம்தான் வந்தது. மீன் விற்ற அம்மா தன் முக்காலியைத் தள்ளிவிட்டு, ஈரக் கையாலேயே அவள் முகத்தைத் தடவினார். இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் வலது கை அசையவில்லை. இடது கையை நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் விரலுக்கடியில் அவள் நாடி வரும், வரும், நிற்கும், பிறகு அவசரமாக ஓடும். எண்ணுவதுதான் என் தொழில். அங்கே நான் எண்ணவில்லை. அடுத்தது வந்தால் போதும் என்றிருந்தது. அத்தான் மைலோ வாங்கி வரக் கீழே போயிருந்த ஒரு மத்தியானம், அடுத்தது வரவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில், ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது அத்தான் மோட்டார் சைக்கிளுடன் கேட் அருகே நின்றிருந்தார். அக்காவை ஏற்றிப் போக அவர் அந்த நேரத்துக்கு வருவது வழக்கம். நான் பஸ்ஸில் போய்விடுவேன். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடியவர், நான் எதிரே போய் நின்றதும் திகைத்துப் போனார்.

"பழக்கத்துல வந்துட்டேம்மா" என்றார்.

பிறகு கைப்பிடியில் மாட்டியிருந்த அக்காவின் ஹெல்மெட்டை எடுத்து, என்னிடம் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.