நாலாவது ஆள்

என் மூன்று பிள்ளைகள் மட்டும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்பார்கள். ஒரு படத்தில் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பெண் நிற்பாள். இன்னொன்றில் என் வீட்டுக்காரர், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. வேறொன்றில் பூனை. மூன்று பேரை மட்டும் நிறுத்திப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இதை அறியாதவர் இல்லை.

தோட்டத்தோடு போய்விடும் என்று பார்த்தால் போகவில்லை. கடைக்குட்டிக்கு ஒரு வயதானபோது மூவரையும் பத்து காஜா என்கிற ஊரில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனோம். நான் வாய் திறக்கும் முன்பே சீனக் கடைக்காரர், "தீகா ஓராங் தா போலே லா" என்று கையை ஆட்டினார். மூன்று பேர் கூடாதாம். உள்ளே போய் ஒரு கரடி பொம்மையைத் தூக்கி வந்து ஓரத்தில் உட்கார வைத்தார். தமிழரும் சீனரும் இப்படி ஒரே பேச்சாக ஒத்துக்கொண்ட விஷயம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

சிரிக்கலாம். என்னால் முழுதாகச் சிரிக்க முடிவதில்லை. எனக்கு இரண்டு அண்ணன்கள். ஒரு தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்த படக்காரர் எங்கள் மூவரையும் மரத்தடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். நடுவில் நின்ற சின்னண்ணன் அடுத்த தீபாவளிக்கு இல்லை. காய்ச்சல். படத்தால்தான் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் படத்தை இன்றுவரை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் இல்லை.

மூத்த மகளுக்குச் சபாவில் கல்லூரி இடம் கிடைத்தது. கடலைத் தாண்டி விமானத்தில் போக வேண்டிய ஊர். பள்ளி விடுமுறையில் தம்பி தங்கைக்கு நடுவே உட்கார்ந்து பெட்டி கட்டியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க மூணு பேர மட்டும் ஒரு நல்ல படம் எடுத்துக் கொடுங்கம்மா. ஹாஸ்டல் சுவத்துல ஒட்டணும். நாலாவது ஆள் வேணாம். இந்தக் காலத்துல யாரும்மா அதெல்லாம் பாக்குறா?"

வெயில் சரியில்லை என்று தட்டிக்கழித்தேன். விடுவாளா? கோடையில் பிள்ளைகளை அழகாகப் படம் எடுப்பது எப்படி என்று போனில் தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். எடுப்பவரின் நிழல் படத்தில் விழக்கூடாது. சிரி, சிரி என்று பிள்ளைகளின் உயிரை வாங்காதீர்கள். வருடம் முழுக்க வெயில் கொளுத்துகிற ஊரில் எதைக் கோடை என்பது? ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

கோப்பெங் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போனபோது ரப்பர் மர நிழலில் நிறுத்தி எடுத்தேன். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் மூன்று முகத்திலும் அம்மை போட்டதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. "சரியா வரல," என்று அந்த இடத்திலேயே அழித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, லூமுட் பக்கம் கடற்கரைக்குப் போனோம். சாயங்காலம். என் வீட்டுக்காரர் இளநீர் வாங்கப் போனார்.

"அப்பா வர்றதுக்குள்ள எடுங்கம்மா," என்றாள்.

கடல் பின்னால் இருக்கும்படி நிறுத்தினால் மூன்று முகமும் கரியாக வந்தது. வெயில் முகத்தில் விழட்டும் என்று திருப்பி நிறுத்தினேன். இப்போது கடல் என் முதுகுப்பக்கம். அவர்களுக்குப் பின்னால் வாழைப்பழம் பொரிக்கிற கடைதான் தெரிந்தது.

யாரை நடுவில் நிறுத்துவது? அடிக்கடி மூச்சிரைப்பு வரும் மகனையா? ஆறு வயதுக் கடைக்குட்டியையா? என்னால் முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள், "நான் நடுவுல நிக்கிறேன் லா, நான்தான பெரியவ," என்று இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டாள். தனியாகப் போகப்போகிறவள்.

அப்போதுதான் பார்த்தேன். என் நிழல் மணலில் நீண்டு அவர்கள் காலடி வரை கிடந்தது. தள்ளி நிற்க வேண்டும் என்று தெரியும். தள்ளவில்லை. பிள்ளைகள் மூன்று, என் நிழலோடு நாலு என்று மனசுக்குள் எண்ணிவிட்டு எடுத்தேன். கடைக்குட்டி என்னவோ சொல்ல, மூவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான்.

"அம்மா, உங்க நிழல் விழுந்துருச்சு," என்றாள் மூத்தவள், போனை வாங்கிப் பார்த்து.

"இருக்கட்டும்டி. நல்லாத்தான இருக்கு," என்றேன்.

சபாவுக்குப் போன மூன்றாம் நாள் ஹாஸ்டல் சுவரைப் படம் பிடித்து அனுப்பினாள். கட்டிலுக்கு மேலே அந்தப் படம், பெரிதாக. கூடவே, "உங்க நிழல வெட்டிட்டேம்மா. இப்பதான் அழகா இருக்கு," என்று எழுதியிருந்தாள். முழங்காலோடு வெட்டியிருந்தாள். மூன்று பேர். நடுவில் அவள்.

அதைக் கழற்றிவிடு என்று எழுதினேன். அழித்தேன். சின்னண்ணனைப் பற்றி எழுதத் தொடங்கினேன். அதையும் அழித்தேன். புது ஊரில் அந்தப் படத்துக்குக் கீழே தனியாகப் படுக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல முடியுமா? "நல்லா இருக்கு. சாப்பிட்டியா?" என்று அனுப்பினேன்.

வெட்டாத படம் என் போனில் இருக்கிறது. இடம் இல்லை, எதையாவது அழி என்று போன் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தினமும் காலையில் அந்தப் படத்தைத் திறந்து, என் நிழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிடுகிறேன்.